சவண்டலையிலிருந்து நைலோன் வரை

திருகோணமலை நகரிலிருந்து கடலை வலப்புறத்தில் வைத்து வடக்கே செல்லும் வீதியில் நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுபிட்டி, குச்சவெளி ஆகிய ஊர்களைக் கடந்தால் திரியாய் வரும். வயலும் குளமும் காடும் கடலும் ஒன்றையொன்று எட்டிப் பார்க்கும் ஊர் அது. ஊருக்கு அண்மையிலுள்ள கந்தசாமிமலை என்னும் சிறு குன்றின் உச்சியிலே பழைய பௌத்த தாதுகோபம் ஒன்று உண்டு. அதனைச் சூழ்ந்து வட்டத்துக்குள் வட்டமாகக் கற்றூண்கள் நிற்கின்றன. மலைப்பாறையிலே பல்லவ கிரந்த எழுத்தில் வடமொழிக் கல்வெட்டொன்று பொறிக்கப்பட்டுள்ளது. அது கி.பி. ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்பர் அறிஞர். கடலோடிய வணிகர் கூட்டத்தாரை அது பேசுகின்றது. எழுத்து நிற்கின்றது, தூணும் நிற்கின்றது. அத்தூண்கள் தலைமேல் தாங்கிய மரக்கூரை மாத்திரம் இல்லை.

இதைக் கண்டவர் எவரும், மரம் அழியும், கல் நிலைக்கும் என்று சொல்லிவிட்டுக் குன்றிலிருந்து இறங்கிவிடலாம். ஆயினும் ஒரு பொருள் எத்தனை காலம் கிடக்கின்றது என்பது வேறு. எத்தனை அடிபட்டும் உழைக்கின்றது என்பது வேறு. இரும்பைக் கண்ட பின்னர் மனிதன் தன் கை பற்றுமிடத்துக்குக் கல்லையும் நாடவில்லை, இரும்பையும் நாடவில்லை; மரத்தையே நாடினான். கோடரிக்குக் காம்பு, மண்வெட்டிக்குப் பிடி, ஈட்டிக்குத் தண்டு என்று அந்த வழக்கம் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நடந்து வந்தது. அவ்வரிசையிலே மிகப் பிந்தி வந்து சேர்ந்தது துவக்கின் கைக்காப்பு. சுடும்போது முன்கை பற்றுமிடத்தில், குழலின் சூடு கையைத் தாக்காதவாறு குழலைச் சூழ்ந்திருக்கும் உறைக்கே கைக்காப்பு என்று பெயர். முதலில் மரமாயிருந்த அது கடந்த அறுபது ஆண்டுகளுக்குள் பெரும்பாலும் பல்பகுதியமாக, அதாவது பிளாஸ்டிக் இனத்துப் பொருளாக, மாறிவிட்டது. ஏன் மாறியது, மாறிய பின்னர் எங்கெங்கே முறிந்தது என்பதை விசாரிக்கப் புகுவோருக்குத் திருகோணமலைக் காடுகளிலேயே ஒரு தொடக்கம் கிடைக்கின்றது.

சவண்டலை என்று தமிழரும் ஹல்மில்ல என்று சிங்களவரும் வழங்கும் மரத்தை நேயர்கள் பலர் அறிவர். ஈழத்தின் உலர்ந்த காடுகளில் முதிரை, பாலை, கருங்காலி ஆகியவற்றோடு சேர்ந்து வளர்வது அது. முதிரையின் மினுக்கமோ கருங்காலியின் கருமையோ அதற்கு இல்லை. ஆனால் கடல் கடந்த சந்தையிலே ஊர்ப்பெயரையே தன் பெயராகக் கொண்டு விளங்கியது அம்மரந்தான். சென்னைப் பட்டினத்து வணிகர் அதனைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தனர். தாவரவியல் அறிஞர் வில்லியம் ரொக்ஸ்பரோ அதற்கு அறிவியற் பெயரிட்டபோது, சென்னையில் வாழ்ந்த மருத்துவர் அன்ட்ரூ பெரி என்பவரின் நினைவாகப் 'பெரியா' என்று குலப்பெயர் வைத்தார். 'அம்மோனில்லா' என்று அவர் சேர்த்த அடைமொழியிலே ஹல்மில்ல என்ற சிங்களப் பெயரின் ஒலி கேட்கின்றது. 1845 முதல் 1850 வரை இலங்கையிலே குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட தம் பெருநூலில் இம்மரத்தைச் சிறப்பித்துப் பேசுகிறார். சாராயப் பீப்பாய்க்கு அதன் பலகை உதவியதையும், சென்னைக்கு ஏற்றுமதியாகி மசூலாப் படகுகளாக உருவெடுத்ததையும் அவர் குறிப்பிட்டுள்ளார்.

மசூலாப் படகைப் பற்றிச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். சென்னையிலே 1870களில் துறைமுக வேலை தொடங்குமுன் கப்பல்கள் கரையை அணுக இயலாது. தொலைவிலே நங்கூரமிட்ட கப்பலுக்கும் மணற்கரைக்கும் இடையே வரிசை வரிசையாக அலை உடையும். ஆளையும் பொதியையும் ஏற்றிக்கொண்டு அந்த அலையைத் தாண்டி வந்து மணலிலே மோதி நிற்பது மசூலாப் படகு. அதன் பலகைகளை ஆணியடித்துப் பொருத்துவதில்லை. கயிற்றினால் தைத்துப் பிணைப்பர். ஆணியடித்த படகு விறைத்து நின்று ஓர் அடியிலே பிளந்துவிடும். தைத்த படகோ அலை மோதும்போது சற்றே நெளிந்து, அடியை உடலெங்கும் பகிர்ந்துகொண்டு மீளும். கடினமான மரம் வேண்டுமென்று அவர்கள் தேடவில்லை. வளைந்து மீளும் மரத்தையே தேடினர். சவண்டலைக்கு மதிப்பு உண்டானது அக்குணத்தினால்தான். வண்டியின் ஆரக்காலுக்கும் கருவிகளின் காம்புக்கும் அது ஏற்றதாயிற்று. அடிக்கு நெகிழ்ந்து கொடுப்பதும் உறுதியின் ஒரு பகுதியே என்பது அப்படகோட்டிகளுக்குத் தெரிந்திருந்தது. பிற்காலத்துத் துவக்குச் சாலைகளில் இருந்தவர்கள் இதனைப் பெரும் பொருட்செலவில் மீண்டும் கற்க நேர்ந்தது.

துவக்கு என்ற சொல்லும் கடல்வழி வந்ததே. ஈழத்திலே துவக்கு என்றும் தமிழகத்திலே துப்பாக்கி என்றும் வழங்கும் இரண்டும் துருக்கிமொழிச் சொல்லொன்றின் வழிவந்தவை. சிங்களத்தின் துவக்குவ என்பதும் அதன் உறவே. போர்த்துக்கேயர் வருகைக்குப் பின்னர் இத்தீவின் கம்மாளர் துவக்குச் செய்வதிலே பெரும் பெயர் பெற்றனர். 1765இல் ஒல்லாந்தர் கண்டியிலிருந்து கவர்ந்துசென்ற பொருள்களுள் ஆறு, 2023இல் நெதர்லாந்திலிருந்து கொழும்புக்குத் திரும்பின. புகழ்பெற்ற லெவ்கே பீரங்கியோடு 'மகா துவக்கு' எனப்படும் பெருந்துவக்குகள் இரண்டும் அவற்றுள் அடங்கும். அவற்றின் அலங்கார வேலைப்பாட்டைக் கண்டு வியவாதார் இலர். ஆயினும் அக்காலத்துத் துவக்கு எதற்கும் கைக்காப்பு என்ற தனி உறுப்பு இல்லை, வேண்டியிருக்கவுமில்லை. கருமருந்தை இட்டு, குண்டை இட்டு, கோல் கொண்டு இடித்து ஒரு முறை சுடுவதற்குள் குழல் ஆறிவிடும். குழலின் அடியிலே மரம் தாங்கி நின்றால் போதுமானது.

நிலைமை மாறியது 1880களில். பிரான்சு நாட்டிலே புகையில்லா வெடிமருந்து பிறந்தது. 1886இல் லெபல் துவக்கு அதனைப் படைக்குக் கொண்டுவந்தது. ஒரே அறையிலே பல தோட்டாக்களை அடுக்கித் தொடர்ந்து சுடும் முறையும் பரவிற்று. பிரித்தானியப் படைவீரன் லீ-என்பீல்ட் றைபிளைக் கொண்டு நிமிடத்துக்குப் பதினைந்து முறை குறிபார்த்துச் சுடப் பயிற்றப்பட்டான். அவ்வேகத்தில் சில நிமிடங்கள் சுட்டால் குழலைத் தொட முடியாது. அன்றியும் சூடேறிய குழலின் மேலே கானல் எழுந்து குறிபார்க்கும் கண்ணை மயக்கும். ஆகவே குழலின் அடியில் மாத்திரமிருந்த மரம் மேலேயும் ஏறி மூடிக்கொண்டது. 1907இல் நிலைபெற்ற குட்டை லீ-என்பீல்ட் வகையிலே வாயெல்லை வரை மரமே போர்த்தியிருந்தது. அது வால்நட் மரம். ஆளிவிதை எண்ணெயில் ஊறவைத்துப் பதப்படுத்திய பின்னரே அதனைப் பொருத்தினர்.

குளிர்நாட்டு வால்நட் மரம் வெப்பநாட்டுக்கு வந்தபோது தொல்லை தொடங்கியது. மரம் நீரை உறிஞ்சினால் இழைக்குக் குறுக்கே பருக்கும். இழையின் நெடுக்கே ஏறத்தாழ மாறாது. உலர்ந்தால் மீண்டும் சுருங்கும். ஒரே மாதத்துக்குள் மழையும் கடுவெயிலும் கண்ட மரம் ஒரு பக்கமாகத் திருகிக் குழலை நெருக்கும். மயிரிழையளவு நெருக்கினாலும் குண்டு போய்விழும் இடம் மாறிவிடும். கூடவே ஒவ்வொரு சூட்டின் உதைப்பும் அதே இடத்து மரத்தையே இடித்து நசுக்கும். வங்காளத்து இசாப்பூர்த் தொழிற்சாலையினர் இதற்குச் செய்த பரிகாரம் எளிமையானது: முன்கட்டையின் குறுக்கே ஒரு திருகாணியைச் செலுத்திப் பிளவைத் தடுத்தனர். ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையினர் தம் நாட்டு மரம் சற்று மெதுவானது என்பதை உணர்ந்து, உதைப்பு விழுமிடத்திலே செப்புத் தகடு பதித்தனர். துவக்கின் வாயிலே கிண்ணம் பொருத்திக் கைக்குண்டு எறியும் வேலைக்கென ஒதுக்கிய றைபிள்களை இந்தியாவிலே கம்பியால் இறுகச் சுற்றிப் பற்றவைத்தனர். உள்ளே மரம் பிளந்தாலும் சுற்றிய கம்பி விடாது. அக்கம்பிச் சுற்றைப் பார்க்கும்போது மசூலாப் படகின் தையல் நினைவுக்கு வராமற் போகாது.

இத்தகைய றைபிள்களே இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் திருகோணமலைக் கோட்டைக் காவலிலும் நின்றன. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. விமானத்தின் முன் றைபிள் என் செய்யும் என்பது வேறு விஷயம். உப்புக் காற்றிலும் மாரி மழையிலும் ஆண்டுக்கணக்காக நின்ற அந்த மரக்கட்டைகளைத் துடைத்து எண்ணெயிடுவதே சிப்பாயின் அன்றாட வேலையாயிருந்தது. 1949இல் இலங்கைக்கெனத் தனித் தரைப்படை அமைந்தது. 1957இல் கடற்படைத் தளமும் கைமாறியது. மரக்கட்டையும் எண்ணெய்த் துணியும் புதிய படையினரிடமும் வந்து சேர்ந்தன.

இனிப் பல்பகுதியத்தின் கதை. பெல்ஜியத்திலே பிறந்து அமெரிக்காவிலே வாழ்ந்த லியோ பேக்லண்ட் 1907இல் கண்டறிந்த பேக்கலைற், மின்பொறிகளிலும் தொலைபேசியிலும் மரத்தின் இடத்தைப் பிடித்தது. சூட்டைத் தாங்குவதிலே அது சிறந்தது. அடியைத் தாங்குவதிலே அத்துணைச் சிறந்ததன்று. 1935இல் டியூபொன்ற் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வோலஸ் கரோதர்ஸ் என்னும் இரசாயன அறிஞர் நைலோனை உருவாக்கினார். பெண்களின் காலுறையாகவும் பின் வான்குடையாகவும் புகழ்பெற்ற அப்பொருள் துவக்குக் கட்டையாக வருமென்று அன்று எவரும் எண்ணியிரார். 1959இல் ரெமிங்ரன் நிறுவனத்தார் கட்டை முழுவதும் நைலோனாலான சிறு றைபிளைச் சந்தைக்கு விட்டனர். வேட்டைக்காரர் முதலில் நகைத்தனர். பின்னர், மழையில் நனைத்தும் மண்ணிலே போட்டும் பார்த்துவிட்டு வாங்கினர்.

படையிலே இந்த மாற்றத்தை முன்னின்று நடத்தியது அமெரிக்காவின் எம்-16. வியட்நாமின் ஈரக்காடுகளில் மரம்போலப் பருத்துத் திருகாத கட்டை அதற்கு இருந்தது. அதன் கைக்காப்பு முக்கோண வடிவினது. இடம் வலம் என இரு பாதியாக இணைவது. உள்ளே சூட்டைத் தடுக்க அலுமினியத் தகடு. ஆனால் வீரர்கள் துவக்கை ஊன்றுகோலாகவும் ஏணிப்படியாகவும் சில வேளை தடியாகவும் பயன்படுத்துவர் என்பதை வரைபடம் கீறியவர் எண்ணியதாகத் தெரியவில்லை. மெல்லிய அந்த உறை அடிக்கடி முறிந்தது. இடப்பாதி முறிந்தால் வலப்பாதியை அதன் இடத்தில் வைக்க முடியாது. 1980களில் வந்த எம்-16ஏ2 வகையிலே இரண்டு திருத்தங்கள் செய்யப்பட்டன. பொருளைப் பன்மடங்கு உரமான நைலோனாக மாற்றினர். வடிவத்தை உருண்டையாக்கி, மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றேயாகும்படி அமைத்தனர். எப்பாதி முறிந்தாலும் அதே ஒரு துண்டு போதும். பொருளை மாற்றியதைப் பலரும் பாராட்டுகின்றனர். உண்மையிலே படைவீரனுக்குப் பெரிதும் உதவியது அந்த இரண்டாவது திருத்தமே என்று கருத இடமுண்டு. பண்டகசாலையில் ஒரு துண்டைத் தேடுவது எளிது. இரண்டு துண்டுகளில் சரியானதைத் தேடுவது போர்க்களத்தில் எளிதன்று.

பிரித்தானியரும் தம் எஸ்.எல்.ஆர். வகை றைபிளின் மரத்தைக் கழற்றிவிட்டு, கண்ணாடி நார் கலந்த நைலோன் கட்டைகளைப் பொருத்தினர். நனைந்த கையில் வழுக்காதிருக்க அதன் மேற்பரப்பைச் சொரசொரப்பாக வார்த்தனர். சோவியத்து நாட்டினர் தம் கலாஷ்னிக்கோவ் வகைகளிலே பேர்ச் மரத்தின் மென்தகடுகளை ஒட்டிச் செய்த கைக்காப்பை நெடுங்காலம் வைத்திருந்து, 1980களின் நடுவிலேயே பல்பகுதியத்துக்கு மாறினர். இந்தியா 1A1 என்ற தன் எஸ்.எல்.ஆர். வகையில் மரத்தையே வைத்துக்கொண்டது. 1987இல் இலங்கைக்கு வந்த இந்திய அமைதிப்படையினர் கையில் இருந்தது அத்தகைய மரக்கட்டைத் துவக்கே.

நைலோன் எவ்வாறு உழைக்கின்றது என்பதைத் திருகோணமலைக் கரையோர மீனவருக்கு எடுத்துரைக்க வேண்டிய அவசியமில்லை. 1950களின் இறுதியிலும் 1960களிலும் பருத்தி நூல், சணல்நூல் வலைகளை நீக்கி நைலோன் வலை வந்ததை முதியோர் அறிவர். பழைய வலையைக் கரையில் விரித்து உலர்த்தாவிடின் மக்கிப்போகும். நைலோன் வலை மக்குவதில்லை. ஆனால் வெயில் அதனைத் தின்னும். துவக்குக் கட்டையிலும் இதே கதைதான். கதிரவனின் புறஊதாக் கதிர் நைலோனின் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளை அறுக்கின்றது. அதனைத் தடுக்கவே கரிப்பொடியைக் கலக்கின்றனர். படைத்துவக்குகள் பெரும்பாலும் கறுப்பாயிருப்பதற்கு அழகுணர்ச்சி காரணமன்று. விறைப்புக்காகக் குறுகிய கண்ணாடி நாரைச் சேர்க்கின்றனர். சுவருக்கு வைக்கோல் கலந்து மண் குழைப்பதை ஒத்த வேலை அது.

நீரைப் பொறுத்தவரை ஒரு வியப்பு உண்டு. நைலோனும் நீர் குடிக்கும். கலப்பில்லாத நைலோன் தன் நிறையில் நூற்றுக்கு எட்டுப் பங்குவரை நீரை ஏற்க வல்லது. ஆனால் மரத்தைக் கெடுக்கும் அந்நீர் நைலோனுக்கு நெகிழ்ச்சியைத் தருகின்றது. அச்சிலிருந்து புதிதாக எடுத்த நைலோன் உறுப்பு நொறுங்குந் தன்மையுடையது. ஈரம் ஊறிய பின்னரே அடி தாங்கும். ஆகவே சில உறுப்புகளை வார்த்தவுடன் வேண்டுமென்றே நீரில் ஊறவைப்பர். ஈரக்காற்று வீசும் கீழ்க்கரை, நைலோனுக்கு இயற்கையாகவே அமைந்த பதப்படுத்தும் சாலை எனலாம். மறுதலையாக, கடுங்குளிரும் கடும் வறட்சியும் ஒருங்கே சேர்ந்த இடத்தில் அதே நைலோன் விறைத்துவிடும். சூட்டிலும் அதற்கு எல்லை உண்டு; 260 பாகை செல்சியசு அளவில் உருகும். மரம் உருகுவதில்லை; கருகும், புகையும். சூட்டைக் கடத்தாமையில் மரம் கண்ணாடி நார் கலந்த நைலோனிலும் மேலானது. இதனால்தான் பல்பகுதியக் கைக்காப்புக்குக் காற்றுத் துளையும் உலோகத் தகடும் வேண்டியிருக்கின்றன. பல்பகுதியம் மரத்தை எல்லாத் துறையிலும் வென்றுவிட்டது என்பார் கூற்று இவ்விடத்தில் நில்லாது.

இந்தியாவின் இன்சாஸ் றைபிள் இதற்குத் தக்க சான்று. பூனாவிலுள்ள படைக்கல ஆய்வுநிலையத்தார் வகுத்து, இசாப்பூர், கான்பூர், திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலைகளில் உருவான துவக்கு அது. திருச்சித் தொழிற்சாலை 1966இல் தொடங்கியது. காவிரிக்கரையின் வெயிலில் வார்த்த உறுப்புகள், பனிமலையுச்சியில் வேலை செய்ய நேர்ந்தது 1999இல். கார்கில் மலைகளிலே குளிரில் அதன் பல்பகுதியத் தோட்டாக்கூடு வெடித்துப் பிளந்ததாக முறைப்பாடுகள் எழுந்தன. கைக்காப்புக்கும் தோட்டாக்கூட்டுக்கும் வேலை வேறாயினும் விதி ஒன்றே. ஒரு தட்பவெப்பத்துக்கு ஏற்ற கலவை இன்னொன்றில் தோற்கும். பின்னர் பொருள் திருத்தப்பட்டது. ஆயினும் முதற் பெயர் போகவில்லை. இந்தியப் படை இப்பொழுது ஏகே-203 போன்ற வேறு றைபிள்களை நாடியுள்ளது. ஏகே-203இன் கைக்காப்பும் பல்பகுதியமே.

செருமனியின் ஜீ-36 றைபிளுக்கு வந்த பழி நேர்மாறானது. அங்கே குளிரன்று, சூடு. குழலைத் தாங்கும் உடலே பல்பகுதியமாயிருந்த அத்துவக்கு, தொடர்ந்து சுட்டுச் சூடேறியபோது குறி தவறுகின்றது என்று 2012 முதல் பேச்சு எழுந்தது. 2015இல் பாதுகாப்பமைச்சு அதனை மாற்ற முடிவு செய்தது. செய்த நிறுவனத்தாரோ, ஒப்பந்தத்தில் கேட்டதையே கொடுத்தோம் என்று வாதிட்டனர். 2016இல் கோபிளென்சு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இவ்வழக்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஐரோப்பியச் சமவெளியை மனத்திற்கொண்டு எழுதிய நிபந்தனைகளோடு பிறந்த கருவியை ஆப்கானித்தானத்து வெயிலுக்குக் கொண்டுசென்றனர். பொருள் ஏமாற்றவில்லை, பொருளிடம் கேட்ட கேள்வி மாறிவிட்டது.

அற்பமாகத் தோன்றும் இன்னொரு பகையும் உண்டு. நுளம்புக்கடிக்கு அஞ்சிச் சிப்பாய் கையிலே பூசும் டீற் என்னும் மருந்து 1946இல் அமெரிக்கப் படைக்கென உருவானது. மரத்தின் வார்னிசையும் சில வகைப் பிளாஸ்டிக்குகளையும் அது கரைத்துவிடும். நைலோன் அதனைப் பெரிதும் தாங்கும். கைக்காப்பை நைலோனாற் செய்வதற்கு இதுவும் ஒரு நியாயம். மலேரியா ஒரு காலத்தில் பேயாய் ஆட்டிய உலர்வலயக் காடுகளிலே நடந்த எவருக்கும் இதன் பெறுமதி விளங்கும்.

இத்தனைக்கும் பின்னர், முப்பதாண்டுக் காலம் இலங்கையிலே நடந்த போரில் பெரும்பாலும் உழைத்தது மரக் கைக்காப்புடைய துவக்கே என்பது சிந்திக்கத்தக்கது. அரச படையினர் ஏந்திய சீனநாட்டு 56ஆம் வகை, கலாஷ்னிக்கோவின் வழிவந்தது, மரக்கட்டையுடையது. எதிர்த்து நின்றோர் கையிலும் பெரும்பாலும் அதே குடும்பத்துத் துவக்கே இருந்தது. அதன் கைக்காப்பு சுடச்சுடப் புகைந்தது, வெடித்தது, கறுத்தது. இருந்தும் கழற்றி மாற்றிக்கொண்டு போயினர். பிளந்த மரத்தைத் தச்சன் ஒட்டலாம், ஆப்பு வைக்கலாம், இல்லையேல் வேறு மரத்தில் செதுக்கலாம். முறிந்த நைலோனுக்கு அச்சும் ஆலையும் வேண்டும். செல்வ நாட்டுப் படைக்கு இது பொருட்டன்று. வறிய நாட்டின் நீண்ட போருக்குப் பொருட்டாயிற்று.

அப்போர் திரியாயையும் விட்டுவைக்கவில்லை. 1985இல் வன்செயல்களால் ஊர் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். பல்லாண்டுகளின் பின்னரே சிறுகச் சிறுக மீண்டனர். இடைக்காலத்திலே வயல் காடாயிற்று. வீடுகளின் கதவும் நிலையும் வளையும் மழைக்கும் கறையானுக்கும் இரையாயின. மலையுச்சியின் பழைய மரக்கூரைக்கு நூற்றாண்டுகளில் நேர்ந்தது இங்கே சில பருவங்களுக்குள் நேர்ந்தது.

ஆனால் வடக்கிலும் கிழக்கிலும் மண்ணுக்குள் கிடந்தவற்றுள் எல்லாம் அவ்வாறு போய்விடவில்லை. புலிகள் இயக்கத்தார் செய்த ஜொனி என்ற மிதிவெடிக்கு உறை மரப்பெட்டி. மண்ணின் ஈரத்தில் உளுத்துப்போகக்கூடியது. படையினர் புதைத்தவற்றுள் பி-4 என்ற வகைக்கு உறை பிளாஸ்டிக். அது உளுப்பதில்லை; வெயிலும் அங்கே எட்டுவதில்லை. கைக்காப்பிலே நற்குணமாகப் போற்றப்பட்ட நீடித்துழைக்கும் தன்மை, அங்கே காணி உழப்போகும் உழவனுக்கும் விறகெடுக்கப்போகும் பெண்ணுக்கும் எமனாயிற்று. மிதிவெடிகளைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கையிலே இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. உலோகம் மிகக் குறைவாயிருப்பதால் பிளாஸ்டிக் வெடியை உணர்கருவி எளிதில் காட்டிக்கொடுப்பதில்லை. ஆதலால் இலங்கையின் கண்ணிவெடி அகற்றுநர் பலவிடத்து விறாண்டியையே கருவியாகக் கொண்டனர். முதலில் கனத்த விறாண்டியால் மண்ணை இளக்கி, பின்னர் இலேசானதால் மெல்ல மெல்ல வாரி எடுப்பர். வேலை செய்வோரில் பெண்களும் பலர். விறாண்டியின் காம்பு மிக நீளமானது. கைக்கும் வெடிக்கும் இடையே இருப்பது அந்த நீளந்தான்.